ஒரு வரி முன்னால்

காலை பத்து மணிக்கு அனுப்பிய மின்னஞ்சல் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் பதுளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "லைன் மெதுவா இருந்திருக்கும்" என்றார் அதைப் பெற்ற பதுளைச் சட்டத்தரணி தாஸிம். சிவசக்தியும் அப்படித்தான் நினைத்தாள். 2007இல் நமுனுகுல பெண்கள் சங்கத்தின் ஒற்றை அறை அலுவலகத்தில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டு, இரைந்து, மூச்சு வாங்கித்தான் அந்தக் கணினி இணையத்தை எட்டும்.

தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது, எப்போதும் சரியலாம், தோட்டத்துத் துரை மறைக்கிறார், கொழுந்து பறிக்கும் வேலாயியும் ஜெயலெட்சுமியும் கண்ணால் பார்த்தார்கள். அவள் எழுதியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், அந்த இரண்டு பேருக்கு மட்டும் வேலை கொடுக்கவில்லை.

வேலாயி சங்க அலுவலக வாசலிலேயே நின்றாள். "எம் பேர யாருகிட்ட சொன்ன, சக்தி?"

"லோயருக்கு மட்டுந்தான் அக்கா எழுதுனேன்."

"அப்ப தொரைக்கு யாரு படிச்சுக் காட்டுனது?"

சிவசக்தி இணையக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். மென்மையான ஓர் ஆண் குரல்.

"எல்லாரோடதையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம் மிஸ். நெரிசலக் குறைக்கத்தான். படிக்கிறதில்ல."

"திறந்துட்டு எப்படிங்க படிக்காம மூடுவீங்க?"

அந்தப் பக்கம் குரல் இன்னும் தணிந்தது.

"'எனக்குப் பயமா இருக்கு'ன்னு எழுதி அழிச்சீங்களே மிஸ், அத விட்டிருக்கலாம்."

இணைய இணைப்பு எடுப்பதற்கு முன்பே அந்த வரியை அவள் அழித்துவிட்டிருந்தாள்.

வேலாயி போய்விட்டாள். நாலு மணி இருக்கும். தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வந்த மூடுபனி கண்ணாடியில் ஒட்டி, ஈரச் சாக்கு வாடையோடு கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக்கூட மங்கலாக்கிக்கொண்டிருந்தது. சிவசக்தி தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கணினி முன் உட்கார்ந்தாள். எழுதி, அச்சடித்து, ஐந்தரை பஸ்ஸில் தானே பதுளைக்குக் கொண்டுபோவாள்.

'இதைத் திறந்து பார்ப்பவருக்கு. என் பெயர் சிவசக்தி. மலை வெடித்திருப்பதை நான் சொல்கிறேன்.'

மேசையில் ஏதோ முணுமுணுத்தது.

ரிசீவரை எடுத்தாள். பிடுங்கிய கம்பி தரையில்தான் கிடந்தது. அதே மென்மையான குரல், அவள் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தது. நிதானமாக. அவள் விரலின் வேகத்திலேயே.

விரலை நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

"மேல்லயத்தில் ஒவ்வோர் இரவும் நாற்பது குடும்பம் தூங்குகிறது" என்றது.

அவள் எழுத நினைத்திருந்த அடுத்த வரி.

ரிசீவரை மேசையில் வைத்தாள். "படி" என்றாள். "நல்லா படி. ஆனா எழுதுறது நான்."

எழுதினாள். அந்த நாற்பது குடும்பத்தையும் எழுதினாள். குரல் ஒரு வரி முன்னால் ஓடியது. அவள் விடவில்லை. அடியில் தன் முழுப்பெயர். அச்சுப்பொறி தாளைத் துப்பியது. மடித்துச் சட்டைக்குள் செருகிக் கதவைத் திறந்தாள்.

வெள்ளை. படி தெரியவில்லை. பாதை தெரியவில்லை.

பின்னால் ரிசீவர் அடங்கியது.

முன்னால், பனிக்குள், மிகக் கிட்டத்தில், ரிசீவர் எதுவும் இல்லாமல், அந்தக் குரல் கடிதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. ஒரு குரல் அல்ல. சரிவு நெடுக, வரிசையாக, பல குரல்கள்.

சிவசக்தி தாளை வெளியே எடுத்தாள். அவர்களைவிட உரக்க வாசித்தபடி, அந்தக் குரல்களுக்கு நடுவே பஸ் பாதைக்கு இறங்கினாள்.