படைத்த கொய்யா

பாலேந்திரா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக் கதிரையில் இருந்து கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில் அந்த ஒடுங்கிய வீட்டில் மனைவி தவநாயகிக்கு அவரோடு கிடைத்த கடைசிச் சாதாரணப் பின்னேரம் அது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கொலம்பஸ் கரையிறங்கி ஐந்நூறு வருடம் என்று, அவர் காவலாளாக நின்ற நூதனசாலையில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள்.

"கொலம்பஸ் முதல்முதல் கண்டது தைனோ எண்ட சனம். எங்கடை கன்டீனிலை நிக்கிற புவேர்ட்டோ ரிக்கோ மனிசி, தானும் அந்த வழி எண்டு சொல்லுறா. 'நாங்கள் அழிஞ்சு போனம் எண்டு உள்ளுக்கை எழுதி ஒட்டியிருக்கு, அழிஞ்சவள்தான் உமக்குத் தேத்தண்ணி ஊத்திறன்' எண்டு ஒரே பகிடி."

"முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"கேளுமன். அவையளின்ரை செத்த ஆக்கள் பொழுதுபட்டால் கொய்யாப்பழம் தின்ன வெளிக்கிடுவினமாம். பார்க்க எங்களைப் போலத்தான். ஆனா தொப்புள் இராது. இருட்டுக்கை ஆரும் பக்கத்திலை வந்தால் வயித்தைத் தடவிப் பார்ப்பினமாம்."

ஏழு வயது வைதேகி உடனே சட்டையைத் தூக்கினாள். "எனக்கு இருக்கு அப்பா."

"அப்ப நீ ஆள்தான்."

மறுநாள் காலை பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவருடைய தமக்கை கனகாம்பிகை தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். தம்பிக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வரவேண்டும். மீன்பொரியல், முட்டை, கத்தரிக்காய்க் குழம்பு, அப்டன் பார்க் கடைகளில் தேடி வாங்கிய ஒரு கொய்யா. அதை வைக்கும்போது தவநாயகியின் கை தயங்கியது. ஏன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. படைத்து, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக் காத்திருந்து, பிறகு திறந்து, வழக்கப்படி படையலை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள்.

"கொய்யாவைப் பிள்ளைக்குக் குடும். தேப்பன்ரை பங்கு."

"அவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது மச்சாள்."

"படைச்சதை வேண்டாமெண்டு சொல்லுறதே, தவம்?"

வைதேகி விதையோடு சப்பித் தின்றுவிட்டுக் கையையும் நக்கினாள்.

மணம்தான் முதலில் வந்தது. நாலு மணிக்கே இருட்டுகிற மாதம். தெருவிளக்கு பற்றும் நேரத்தில், ஹீற்றரின் தகரச் சூடு, காயாத கோட்டின் ஈரம், பக்கத்து வீட்டுப் பொரியல் எண்ணெய் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, வீட்டில் ஒரு பழமும் இல்லாத நாட்களிலும், கனிந்து வெடிக்கப்போகிற கொய்யாவின் மணம் எழும்பி, சமையலறையை நிறைத்து, படியேறி, மகளின் தலையணை வரைக்கும் போகும். பிறகு சத்தம் வந்தது. கதிரையொன்று தரையில் மெல்ல இழுபடும். யாரோ நிதானமாகச் சப்புவார்கள். சின்ன விதைகள் பல்லில் நொறுங்கும். ஓடிப்போய் லைட்டைப் போட்டால் ஒன்றும் இராது.

ஒருநாள் தவநாயகி லைட்டைப் போடவில்லை.

வேலைக்குப் போகும் அதே சேர்ட்டில் அவர் இருந்தார். கீழ்ப் பொத்தான்கள் திறந்திருந்தன. வயிறு பிசைந்து வைத்த மாவைப் போல, ஒரு குழியும் இல்லாமல், வழுவழுவென்று தெரிந்தது. எதிர்க் கதிரையில் வைதேகி. கால் ஆடியது. வாய் அசைந்தது.

"இஞ்சருங்கோ, ஒருக்கா என்னைப் பாருங்கோ."

அவர் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தவநாயகி சுவிட்சை அடித்தாள். பிள்ளை மட்டும் இருந்தாள். உதடு ஈரமாக இருந்தது.

அன்றிரவு மகளைக் குளிப்பாட்டும்போது வயிற்றைத் தடவினாள். முன்பு அம்மாவின் சுண்டுவிரல் நுனி போகிற குழி. இப்போது ஒரு பொட்டளவு பள்ளம்.

டொக்டர் பிள்ளையை மேசையில் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். தொப்புள் ஆளுக்கு ஆள் வேறுபடும், நோவு இருந்தால் மட்டும் கூட்டிவாருங்கள் என்றார். மச்சாள் போனில், "துக்கத்திலை உமக்கு மூளை குழம்பிப்போச்சு. வேலைவெட்டிக்குப் போம்" என்றார். தவநாயகி போனை வைத்துவிட்டு அதே கையால் சுவரில் குத்தினாள்.

நூதனசாலைக்குப் போனாள். புவேர்ட்டோ ரிக்கோ மனிசி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கன்டீனில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாலேந்திராவுக்காக அனுதாபம் சொல்லி, கண்காட்சிக்குப் பொறுப்பான பெண் கீழே இறங்கி வந்தாள். கண்ணாடிக்குள் கறுத்த மரத்தில் ஒரு தெய்வம் குந்தியிருந்தது. பற்கள் சிப்பியில் செய்தவை.

"செத்தவர்களின் கொய்யாவைத் தின்ற பிள்ளையை மீட்கத் தைனோ சனம் என்ன செய்யும்?" என்று தவநாயகி தன் இங்கிலீஸில் கேட்டாள்.

பெண் சிரிக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து கப்பலில் போன ஒரு பாதிரியார் தான் கேட்டதைக் கொஞ்சம் எழுதிவைத்தார், செத்தவர்களைப் பற்றி எங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்றாள்.

"மீட்கிற வழி?"

"அதை அவர் எழுதவில்லை."

ஒரு வழி இருந்திருக்கும். பிள்ளை பெற்ற சனம், கொய்யா மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விட்ட சனம், வழி இல்லாமலா இருந்திருக்கும்? அந்தப் பாதிரி மனுசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வரி. தவநாயகி கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். இன்னொரு காவலாள் வந்து, மெதுவாக, தொடக்கூடாது என்றார்.

மகளைத் தோர்ண்டன் ஹீத்துக்குக் கூட்டிப்போனாள். எல்லா அறையிலும் லைட்டை எரியவிட்டாள். மச்சாள் கறன்ட் பில்லைச் சொல்லி ஏசினார். மணம் அங்கேயும் வந்தது. மச்சாளுக்கு மணக்கவில்லை.

பள்ளம் ஆழம் குறைந்தது.

தோலில் ஒரு கீறலாகியது.

தை மாதத்தில் ஒரு காலை வைதேகி எழும்பவில்லை. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கழுவி உடுப்பு மாற்றும்போது, தவநாயகி மச்சாளின் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். கனகாம்பிகை கையை எடுத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே போனார். அதன்பிறகு அவர் பிளேஸ்டோவுக்கு வரவேயில்லை.

மகளுக்குத் தவநாயகி தனியாகப் படைத்தாள். கொய்யா மட்டும். கதவைச் சாத்தினாள். திறந்தாள். இலையில் இருந்ததைத் தோலும் விதையும் விடாமல் தானே தின்றாள். அடுத்த நாளும் படைத்தாள்.

அது நடந்து ஆறு வருடம்.

பொழுதுபட்டதும் இருவரும் வருகிறார்கள். வைதேகிக்கு இன்னும் ஏழு வயதுதான். கால் தரையில் எட்டவில்லை. சட்டைக்குக் கீழே வயிறு அப்பாவினுடையதைப் போலவே மொழுமொழுவென்று. முகம் திருப்பாமல், ஒரு பழத்தைக் கையால் அம்மாவின் பக்கம் தள்ளிவிடுகிறாள்.

தவநாயகி எடுக்கிறாள். கடிக்கிறாள். மூன்று பேரும் சப்புகிற சத்தம்.

பிறகு இரண்டு கதிரைகள் வெறுமையாகின்றன. ஒவ்வொரு நாளும் இரண்டுதான். இருட்டில் அவள் சேலையை விலக்கி, தன் வயிற்றில் விரலை வைத்துப் பார்க்கிறாள்.

குழி அப்படியே இருக்கிறது.