வாசலில் விட்டுவந்த மன்னிப்பு

லலைனாவுக்குப் பயம் வந்தால் முதலில் அவளுடைய முழங்கால்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்டதுமே இரண்டும் தடதடவென்று ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் வயிற்றுக்குத் தெரியும். அதற்கப்புறம் தொண்டைக்கு. தொண்டைக்குச் செய்தி போய்ச் சேரும்போது, சொல்ல வேண்டிய சொல் ஒன்றுகூட அங்கே மிச்சம் இருக்காது.

போன வருடம் பள்ளி விழாவில் அவளுக்குக் கொடுத்தது நான்கே நான்கு வரிகள். மேடை ஏறி நின்றாள். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"டேய், மீனுடா! சீக்கிரம் தண்ணியில போடுங்கடா!" என்று கூட்டத்திலிருந்து ரிவு கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அவள் பெயர் மீன்.

ஆனால் அவள் மீன் இல்லை என்று ஒருவனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவள் தம்பி ஃபாலி. ஆறு வயது. தினமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பு வழியாகப் பள்ளிக்கு நடப்பான். அந்தப் பத்து நிமிடமும் லலைனா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். ஃபாலியோ கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டே வருவான். அவன் இப்போதுதான் படிக்கக் கற்றிருந்தான்.

"அக்கா, இங்க 'சோப்பு'ன்னு எழுதியிருக்கு!"

"அது சோப்புக் காகிதம்டா. வேற என்ன எழுதியிருக்கும்?"

"'பிஸ்கட்டு'ன்னு எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில் ஜூன் மாதம் என்றால் பல் கிட்டும் குளிர். நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடக்கும். அப்போது நிலத்துக்காரர்கள் களிமண்ணை வெட்டிச் செங்கல் அறுப்பார்கள். இந்த வருடம் ரஸாஃபி ஐயாவும் தன் வயலில் செங்கல் அறுக்கப் போவதாகச் செய்தி வந்தது. பள்ளிக்குப் போகும் வரப்பு அவருடைய வயலில்தான் இருந்தது.

"வரப்போட சேர்த்து வெட்டப் போறாராம்" என்றாள் அம்மா, பணியாரக் கல்லில் மாவை ஊற்றியபடி. விடிவதற்கு முன்பே எழுந்து அரிசிப் பணியாரம் சுட்டு விற்பது அவள் வேலை. "அப்புறம் நெடுஞ்சாலை வழியாத்தான் போகணும். அந்த வளைவுல லாரிங்க வர்ற வேகத்துக்கு எனக்கே ஈரக்குலை நடுங்குது. கூட்டிட்டுப் போக எனக்கு நேரமும் இல்ல. மழைக்காலம் வர்ற வரைக்கும் ஃபாலி வீட்டுலயே இருக்கட்டும்."

"நாலு மாசமா?" என்றாள் லலைனா.

"உயிரோட இருந்தா அப்புறம் படிச்சுக்கலாம்."

ஃபாலி மாவு மூட்டையின் மேல் எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த விரலை லலைனாவால் பார்க்க முடியவில்லை.

பெரியவர்களிடம் கேட்டால், "அவர் நிலம், அவர் இஷ்டம்" என்றார்கள். அதனால் அந்த வரப்பில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

"நான் பேசுறேன்" என்றான் ரிவு. "எங்கப்பா யாருன்னு தெரியும்ல?"

தெரியாதவர் யார்? சுற்று வட்டாரத்தில் கல்யாணமோ சாவோ, ரிவுவின் அப்பா எழுந்து நின்று கபாரி என்னும் சபைப் பேச்சைச் சொல்லாமல் எதுவும் தொடங்காது.

"அப்ப மீன் என்ன செய்யும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிட்டு வரட்டும். வெறுங்கையோட போகக் கூடாதுல்ல? ஆரஞ்சும் பேசாது, மீனும் பேசாது. நல்ல ஜோடி!"

லலைனாவுக்கு முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. படிப்பு நிற்கப் போவது தன் தம்பிக்கு. பேசப் போவது வேறு ஒருவன். அதில் தனக்கு நிம்மதி! இந்த இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன.

கபாரி என்பது சாதாரணப் பேச்சு அல்ல. அதற்கு ஒரு முறை உண்டு. எவ்வளவு பெரிய மனிதர் ஆனாலும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். "நான் மூத்தவன் இல்லை. என்னைவிட அறிந்தவர்கள் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று. "குற்றமில்லை!" என்று கூட்டம் பதில் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

மற்ற பிள்ளைகள் நடுவில் வரும் வேடிக்கைப் பேச்சுக்காகக் காத்திருப்பார்கள். லலைனாவுக்கு அந்த மன்னிப்புத்தான் பிடிக்கும். இத்தனை பெரியவர் எதற்காக இப்படிக் கேட்கிறார் என்று யோசிப்பாள். குளத்தங்கரையில் வாத்துகளின் முன் நின்று அதை அப்படியே சொல்லிப் பார்ப்பாள். வாத்துகள் உடனே மன்னித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்ததும் பதினைந்து பிள்ளைகளும் ரஸாஃபி ஐயாவின் வீட்டுக்குப் போனார்கள். சிவப்புச் செங்கல் வீடு. முற்றத்தில் பாய் விரித்து உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரஸாஃபி ஐயா நாற்காலியில் இருந்தார். மடியில் தொப்பி.

"வாங்க, வாங்க. என்ன, படையெடுத்து வந்திருக்கீங்களா?" என்று சிரித்தார்.

ரிவு முன்னால் வந்தான். அப்பாவின் சால்வையைத் தோளில் போட்டிருந்தான். அது நீளம் அதிகமாகித் தரையைப் பெருக்கியது. என்ன கேட்பது என்பதை மூன்று நாட்களாகத் தன் வீட்டு மாட்டின் முன்னால் நின்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தான். மார்பை நிமிர்த்தி முழங்கினான்.

"ரஸாஃபி ஐயா! நீங்க வரப்பை வெட்டக் கூடாது! வெட்டினா நாங்க லாரி வர்ற ரோட்டுல..."



பாயில் இருந்த ஒரு பெண்மணி சால்வையால் வாயை மூடிக்கொண்டாள். "மன்னிப்பே கேக்கலியே!" என்றார் ஒருவர். "இவன் அந்தக் கபாரிக்காரர் மகன்தானே?" என்று இன்னொருவர் கேட்டார்.

ரஸாஃபி ஐயாவின் சிரிப்பு மறைந்துவிட்டது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"உத்தரவு போடத்தான் வந்தீங்களா தம்பி? சரி, கேட்டாச்சு. போயிட்டு வாங்க." நாற்காலியின் கையைப் பிடித்து எழப் போனார்.

தான் எதை விட்டுவிட்டோம் என்று ரிவுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது.

"அக்கா" என்று ஃபாலி கிசுகிசுத்தான், "ரிவு அண்ணனும் மீனா?"

பின்வரிசையில் கூடையோடு நின்ற லலைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரிவுவின் காதுகள் சிவந்து போவதை அவள் பார்த்தாள். அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் வெளிச்சம் அதிகம். எல்லா முகங்களும் ஒரே முகம்போல் தெரியும். வீட்டுக்குப் போகும் வழிகூட மறந்துவிடும். அங்கே துணைக்கு யாரும் வர மாட்டார்கள். அவளுக்கு யாரும் வரவில்லை.

அவள் கால்கள் நடந்தன. நடுங்கிக்கொண்டேதான் நடந்தன. கூடையைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் ரிவுவின் பக்கத்தில் போய் நின்றாள். கூடை ஆடிய ஆட்டத்தில் ஓர் ஆரஞ்சு துள்ளி விழுந்து, உருண்டு போய் ரஸாஃபி ஐயாவின் செருப்பில் முட்டி நின்றது.

"நான்..." என்றாள்.

சத்தம் வந்துவிட்டது. சின்னச் சத்தம்தான். ஆனால் வந்துவிட்டது.

"நான் மூத்தவ இல்லீங்க. எனக்குப் பேசவும் தெரியாது. பள்ளிக்கூடத்துல என்னை மீனுன்னுதான் கூப்பிடுவாங்க. இங்க இத்தனை பெரியவங்க உட்கார்ந்திருக்க, நான் வந்து நிக்கிறேன். பொறுத்துக்கணும்."

"குற்றமில்லை" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"என் முழங்கால் நடுங்குது. நான் சொல்லாட்டியும் ஆரஞ்சு சொல்லிடுச்சு. அதுக்கும் பொறுத்துக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அது மேடையில் கேட்ட சிரிப்பு மாதிரி இல்லை. "குற்றமில்லை!" என்று இப்போது நான்கைந்து குரல்கள் சொன்னன.

ரஸாஃபி ஐயா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

லலைனா ரிவுவைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"இவன் எங்க கூட்டாளி. எங்களுக்காகத்தான் ஓடி வந்தான். வந்த அவசரத்துல மன்னிப்பை உங்க வாசல்லயே விட்டுட்டான். நான் பின்னால வந்தேன்ல? அதைப் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். இவன் மேல கோவிச்சுக்காதீங்க."

"குற்றமில்லை! குற்றமில்லை!" முற்றம் முழுவதும் சேர்ந்து சொன்னது.

இந்தச் சொல்லை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். யார் யாருக்கோ சொன்னது அது. இன்று அவளுக்கே சொன்னார்கள். குளிரில் யாரோ பின்னால் வந்து போர்வை போர்த்தியதுபோல் இருந்தது. அதன் பிறகு வந்த சொற்களை அவள் தேடவில்லை. ஃபாலியோடு வரப்பில் நடக்கும்போது பேசுவதுபோல் பேசினாள். வளைவில் வரும் லாரிகளைச் சொன்னாள். அம்மாவின் பணியாரக் கல்லைச் சொன்னாள். சோப்புக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கும் தம்பியைச் சொன்னாள்.

"நிலம் உங்களோடது. மண்ணும் உங்களோடது. எங்களுக்கு ஒரு கால் வைக்கிற அகலம் போதும். வரிசையா ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போய்க்கிறோம்."

ரஸாஃபி ஐயா குனிந்து செருப்பருகே கிடந்த ஆரஞ்சை எடுத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். கேட்டது கபாரி என்றால் பதிலும் கபாரிதானே?

"நானும் இந்த வீட்டுல மூத்தவன் இல்ல. என் அக்கா அதோ உட்கார்ந்திருக்காங்க. இருந்தாலும் நான் பேசுறேன். பொறுத்துக்கணும்."

"குற்றமில்லை!" என்று பதினைந்து பிள்ளைகளும் சேர்ந்து போட்ட கூச்சலில் வீட்டு நாய் எழுந்து ஓடிவிட்டது.

"வரப்போரத்து மண்ணுதான் இருக்கிறதுலயே நல்ல மண்ணு. அதைப் போய் விடச் சொல்றீங்க" என்று தாடையைச் சொறிந்தார். "சரி. வரப்பை விட்டுட்டுத் தள்ளி வெட்டுறேன். ஆனா ஒண்ணு. நான் காயப்போடுற பச்சைக் கல்லு மேல எவன் காலும் படக் கூடாது."

பிள்ளைகள் எல்லோரும் ஃபாலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் என்னையே பார்க்கறீங்க?" என்றான் ஃபாலி.

திரும்பி வரும் வழியில் ரிவு சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான். "எங்கப்பா பேச எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை கொல்லைப்பக்கம் போயிட்டு வருவாரு."

"நிஜமாவா?"

"கல்யாணம்னா நாலு தடவை."

லலைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அந்தப் பெரிய மனிதரை நினைத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு முறையும் கேட்ட மன்னிப்பை நினைத்துக்கொண்டாள். முன்பைவிட அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப் போயிற்று.

"லலைனா" என்றான் ரிவு. மீன் என்று சொல்லவில்லை. "நீ மட்டும் வராம இருந்திருந்தா நான் இன்னும் அங்கேயேதான் நின்னுட்டு இருப்பேன்."

வேலை தொடங்கிய மூன்றாம் நாளே ஒரு பச்சைக் கல்லின் மேல் சின்னப் பாதம் ஒன்று ஐந்து விரல்களோடு பதிந்திருந்தது. யாருடையது என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. ரஸாஃபி ஐயா ஒரு சத்தம் போட்டார். ஆனாலும் அந்தக் கல்லைத் தூக்கி எறியவில்லை. பிறகு சூளையில் வைத்துச் சுட்டு, தன் வீட்டு வாசற்படியில் பதித்துக்கொண்டார்.

வேலை தொடங்கிய அதே வாரம் வகுப்பில் டீச்சர், "லலைனா, முன்னால வந்து பாடத்தை வாசி" என்றார்.

முழங்கால்களுக்குச் செய்தி போய்விட்டது. இரண்டும் ஆடின. லலைனா புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். நாற்பது முகங்கள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"என் முழங்கால் நடுங்குது டீச்சர். எல்லாரும் பொறுத்துக்கணும்."

டீச்சர் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ரிவுவின் குரல் வந்தது.

"குற்றமில்லை!"

"குற்றமில்லை!" என்றது வகுப்பு முழுவதும். பக்கத்து வகுப்பில் உட்கார்ந்திருந்த ஃபாலியும் என்ன ஏது என்று தெரியாமலேயே கத்தினான், "குற்றமில்லை!"

லலைனா வாசித்தாள். கடைசி வரி வரைக்கும் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டேதான் இருந்தன. கடைசி வரி வரைக்கும் அவள் வாசித்தாள்.