கஞ்சி போட்ட பத்து டாலர்

அந்த மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் ஓரின் ட்வெய்ட் அவள் மேஜைப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

மண்டபத்தில் மொத்தம் நாற்பது மேஜைகள். பழைய காசும் பழைய நோட்டும் வாங்கி விற்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கூடுகிற அக்டோபர் மாதத்துச் சந்தை, முதல் நாள் சனிக்கிழமை. தெற்கு மினசோட்டாவில் அந்த மாதத்து மழை எலும்பு வரைக்கும் இறங்கும். முப்பத்தொன்பது மேஜைகளில் கூட்டம் நெரிந்தது. மார்லிஸ் க்வாமேயின் மேஜையில் மட்டும் ஈ, காக்கை இல்லை. ஆனால் மண்டபத்தின் ஒரே ஹீட்டர் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவன் நேராக அதைப் பார்த்துத்தான் வந்தான். தொப்பியைக் கழற்றி உதறினான். நாலு சொட்டு அவள் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது.

"நோட்டு காட்ட வந்தீங்களா... இல்ல, குளிர் காய வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்னு வெச்சுக்கங்களேன்."

நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கண்கள். இமை மயிரில் மழை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது... துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றான். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். சட்டைக் காலர் கத்தி மாதிரி மடிந்து நின்றது. 'யார் இவனுக்கு இவ்வளவு அழகாக இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள்?' என்று யோசித்தாள். 'யார் போட்டால் எனக்கென்ன?' என்று உடனே தன்னையே கடிந்தும் கொண்டாள்.

பேர் சொன்னான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருகிற டேங்கர் வண்டி ஓட்டுகிறானாம். தனி ஆளாம். வீட்டுக் கூடத்தில் நிலைக்கண்ணாடி கழன்று விழப் பார்த்ததாம், பின் பலகையைப் பிரித்தால் ஒரு நோட்டு இருந்ததாம். சொல்லிக்கொண்டே கோட்டுக்குள்ளிருந்து ஜெபப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, அவள் முன்னால் வைத்தான்.

மார்லிஸ் சட்டென்று குனிந்து பார்த்தாள்.

பத்து டாலர். நீல முத்திரை. நடுவில் கொட்டை எழுத்தில், வில்லோ பென்ட் பேங்க். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் பேங்குகள் தங்கள் பேர் போட்டே நோட்டு வெளியிட்டன. அந்த பேங்க்காரர்கள் இரண்டு பேர் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வில்லோ பென்ட்டில் ஒரு பேங்க் இருந்தது என்று கணக்கில் உண்டு, அதன் நோட்டை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். அவளும் பார்த்ததில்லை.

மெல்ல எடுத்தாள். எடுத்ததும் முகம் வாடிவிட்டது. நோட்டு விறைத்துக்கொண்டு நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை.

"இதை யாருங்க துவைச்சது?"

"நான்தான்." குரலில் பெருமை வழிந்தது. "ஒரே அழுக்கா இருந்திச்சுங்க. நாலு பேருக்குக் காட்டப் போறோமேன்னு சோப்புத் தண்ணியில அலசி, லேசா கஞ்சி போட்டு, ரெண்டு கைக்குட்டைக்கு நடுவுல வெச்சு இஸ்திரி போட்டேன். சட்டையெல்லாம் நானே போட்டுக்கறதுதான்... நல்லா வந்திருக்கில்ல?"

அழுவதா, சிரிப்பதா? அந்தப் பெருமையைப் பார்த்தால் வாயைத் திறக்கவே மனசு வரவில்லை. பேசாமல் நல்லா இருக்குங்க என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவளால் அது மட்டும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை ஏழாவது மேஜையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராய்ஸ் பெக்வித். அவள் கட்டிக்கொள்வதாக இருந்தவன். இரண்டு வருஷம் முன்பு வரை இருவருக்கும் ஒரே மேஜை. அவள் சோதித்து, குறையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள், அவன் விற்பான். ஒருநாள் கையெழுத்து மங்கிப்போன ஒரு நோட்டை, அவள் குறையெழுதி வைத்த பிறகு, பேனாவால் அந்தக் கையெழுத்தின் மேலேயே இழுத்து, குறையில்லை என்று அவள் பெயரிலேயே வேறு சீட்டு எழுதி விற்றுவிட்டான் புண்ணியவான். வாங்கினவர் கண்டுபிடித்து வந்து கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா? சீட்டில் இருப்பது என் பேரில்லையே என்றான். ஊர் அவனுடைய சிரிப்பை நம்பியது. அவள் அழுததை நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது. மோதிரத்தைக் கழற்றி எறிந்ததில்கூட அவளுக்கு வருத்தமில்லை. தான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை என்பதுதான் இரண்டு வருஷமாக அறுக்கிறது. இந்தச் சந்தைதான் கடைசி என்று முடிவெடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு ஆள் அவளை நம்பி ஒரு நோட்டைக் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை மங்கேட்டோவில் அண்ணனின் மாட்டுத்தீவனக் கடைக்குப் போகிறாள்.

அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே, அழுக்கோடும் மடிப்போடும் கொண்டுவந்திருந்தால் ஒன்பதாயிரம் டாலர் போகும். இப்போது மூவாயிரம். சோப்புத் தண்ணீரில் கையெழுத்து மங்கிவிட்டது, இஸ்திரிப் பெட்டி அச்சின் மேட்டை நசுக்கிவிட்டது, கஞ்சி தாளின் உயிரையே எடுத்துவிட்டது.

ஓரினின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. "வெறும் அலசினதுக்கா ஆறாயிரம்?"

"கண்ணை மூடுங்க."

மூடினான். அதே காலத்து நோட்டு ஒன்று, நாற்பது டாலர் பெறாதது, அதை அவன் விரலடியில் வைத்தாள். எண் அச்சான இடத்தில் அவன் விரலைப் பிடித்து நகர்த்தினாள். பிறகு அவனுடைய நோட்டு. முதலாவதில் விரல் சின்னச் சின்ன மேடுகளில் ஏறி இறங்கியது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால் இதற்கு யாரும் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை... அந்த ஈர இமைகளை அவன் பார்க்காதபோது ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். அவனும் விரலை எடுக்க அவசரப்படவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. வித்தியாசம் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொண்டால் ஆறாயிரம் டாலரைத் தன் கையாலேயே துவைத்து ஊற்றியதாக ஆகிவிடுமே... எந்த ஆம்பளை அதைச் சட்டென்று ஒத்துக்கொள்வான்?

"வரும்போதே சொன்னாங்க. குறை சொல்லிச் சொல்லித்தான் விலையை இறக்குவாங்கன்னு."

சுருக்கென்று தைத்தது. "நான் வாங்கறேன்னு சொல்லவே இல்லையே."

"அப்ப எதுக்குங்க இவ்வளவு கதை?"

"கேட்டீங்க, சொன்னேன். பால் வண்டி ஓட்டறவருக்கு நோட்டைப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டு வெளியே வந்த அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பாட்டுப் புத்தகத்தை மூடி, ஈரத் தொப்பியை மாட்டிக்கொண்டு, நேரே நடந்து... எங்கே போய் நின்றான் என்று நினைக்கிறீர்கள்? ஏழாவது மேஜையில். ராய்ஸ் எழுந்து நின்று கைகுலுக்கினான். அருமையான நோட்டு, ஐயாயிரம் தருகிறேன், நாளை மத்தியானம் கொண்டு வாருங்கள், பணம் தயாராக இருக்கும் என்று அவன் சொன்னது இவள் மேஜை வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

மார்லிஸ் பெட்டிகளைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். 'போனால் போகட்டும், அவன் யார் எனக்கு?' என்றாள் மனசுக்குள். அரைமணி நேரமாகத் துடைத்த பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

*

மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. விடிந்ததும் ஓரின் டேங்கரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பதினோரு பண்ணைப் பாலும் ஒரே வண்டிக்குள்தான் போகும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் தொட்டி மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால்தான் குழாயைப் போட வேண்டும். ஒருவருடையது கெட்டிருந்தால் பதினோரு பேர் பாலும் கெட்டுவிடும்.

நாலாவது, எல்மர் ஸ்காலின் பண்ணை. மூடியைத் தூக்கினான். லேசான புளிப்பு. கையை வைத்துப் பார்த்தால் தொட்டி வெதுவெதுவென்று இருந்தது. குளிர்விக்கிற மிஷின் நின்றுபோயிருக்கிறது. மூடியை மெதுவாக இறக்கி, இன்றைக்கு எடுக்க முடியாது என்று சொன்னான்.

எல்மருக்கு அறுபது வயது. ஓரினைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் முகம் அப்படியே மாறிப்போனது.

"ஏம்ப்பா, நேத்து இருந்த அதே மாடு, அதே பால்... இன்னைக்கு மட்டும் என்ன கேடு? குறை சொல்லி விலையை இறக்கத்தானே உங்க கம்பெனி உன்னை அனுப்புது?"

  பதினான்கு வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் ஓரின். மூக்கு சொன்னதைச் சொன்னதற்காக மூன்று மாசம் முகம் கொடுக்காதவர்கள் உண்டு, தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்கள் உண்டு. அந்த வலி தெரிந்தவன், நேற்று அதே வார்த்தையை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவளுக்கு அதில் ஒரு சல்லி லாபம் இல்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவன் சிரித்துக்கொண்டே போயிருப்பான்... அவள் சொல்லவில்லை.

எல்மர் பாலைச் சாக்கடையில் திறந்துவிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஓரினுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

*

மத்தியானம் அவன் உள்ளே வந்ததை மார்லிஸ் பார்த்தாள். அதே ஜெபப் புத்தகம். இவள் பக்கம் திரும்பாமல் நேராக ஏழாவது மேஜைக்குப் போனான். சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக ஒரு ஆள்கூட நம்பவில்லை. பெட்டிகளை மூடி அட்டைப்பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியது, ஒத்துக்கொள்ளவில்லை. ஹீட்டர் புகைதான் என்று சொல்லிக்கொண்டாள்... மின்சார ஹீட்டர் எங்கே புகைந்தது?

"எடுத்து வைக்காதீங்க. கொஞ்சம் இருங்க."

நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள்.

"வித்தாச்சா?" என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

இல்லையாம். வருவதாகச் சொல்லிவிட்டதால், உள்ளதைச் சொல்லிவிட்டு வரத்தான் போனானாம். ராய்ஸ் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தானாம். நானே துவைத்து இஸ்திரி போட்ட நோட்டு இது, கையெழுத்து அதில்தான் மங்கியது என்று இவன் சொன்னானாம். அதற்கு ராய்ஸ் குரலைத் தாழ்த்தி, அதை யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடம் நல்ல பேனா இருக்கிறது, இரண்டே கோடு... புதுசாக ஆகிவிடும் என்றானாம். இதைச் சொல்லும்போது ஓரின் மட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றுவிட்டது. ஏழாவது மேஜையில் ஒரு ஆள் அவசரமாக ஏதோ தேடுகிற மாதிரி குனிந்தான்.

பேனா என்ற சொல்லைக் கேட்டதும் மார்லிஸ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷம் அவள் கத்திச் சொன்னதை, இந்த மனுஷன் ஒரு மூச்சில், நாற்பது மேஜைக்கும் கேட்கச் சொல்லிவிட்டான்.

"நேத்து நான் பேசினது தப்புங்க," என்றான். "நீங்க சொன்னது நிஜம்னு விரல் வெச்சப்பவே தெரிஞ்சுது. கௌரவம் விடலை. இன்னைக்குக் காலையில எல்மர்னு ஒருத்தர் பாலை நான் திருப்பி விட்டேன், நான் உங்களைச் சொன்னதையே அவர் என்னைச் சொன்னாரு. அப்பதான் உறைச்சுது." நோட்டை அவள் முன்னால் வைத்தான். "இதுல என்னென்ன குறையோ அத்தனையும் எழுதிக் கீழே உங்க பேரைப் போடுங்க. நீங்களே வித்துக் கொடுங்க. மூவாயிரமோ, முன்னூறோ, நீங்க சொல்றதுதான் விலை."

அவள் ஒரு சீட்டை எடுத்தாள். துவைத்தது. கஞ்சி போட்டது. இஸ்திரி போட்டது. கையெழுத்து மங்கியது. கீழே முழுப் பேரை எழுதினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாள், பேனா இரண்டு தடவை நின்று நின்று ஓடியது.

"நானும் தப்பாப் பேசிட்டேன்," என்றாள் தலை நிமிராமல். "பால் வண்டின்னு... இளக்காரமாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"வண்டிதானே ஓட்டறேன். அதுல என்ன?"

 தகரக் கூரையில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவன் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான், மறுபடியும் மாற்றினான். நாளைக்கு மங்கேட்டோ போகப் போகிறீர்களாமே, வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் சொன்னார் என்றான். போகாவிட்டால் நன்றாக இருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஏன் என்று அவள் கேட்டாள். 

"உங்களைப் பிடிச்சிருக்குங்க."

"ஒரு நாள்ல எப்படிங்க..." அவள் பேனாவை மூடினாள். "பரிதாபப்பட்டுச் சொல்றீங்க. ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னதை நம்பி நான் பட்டது போதும்."

அவன் சிரிக்கவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"பதினாலு வருஷமா தினமும் பதினோரு தொட்டியை முகர்ந்து பார்க்கறேன். நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு ஒரு தடவை சொன்னதில்ல. சிநேகிதன் பாலா இருந்தாலும் சொன்னதில்ல. பரிதாபப்பட்டும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்... நீங்கன்னா எனக்கு உசிரு மாதிரி ஆயிடுச்சு. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

இரண்டு வருஷமாக, யாராவது ஒருத்தர் தன்னை நம்ப மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். நம்புவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்ததை இந்தத் தடவை ஹீட்டர் புகை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"நம்பறேன்," என்றாள்.