காலியாக இருந்த கட்டம்

வார்டில் யாரும் யாரையும் ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில்லை. கட்டிலின் தலைமாட்டிலுள்ள கணினித் திரை சொல்லும்; படுத்திருப்பவர் தலையாட்டுவார். “இன்று உங்களுக்கு வலி குறைவு” என்று திரை சொன்னதும் மீனவர் கஸ்பாரும் தலையாட்டினார். திருக்கை முள் குத்திய அவருடைய வலது கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது.

மகள் செலின் திரையில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பெனிசிலின் ஒவ்வாமை: இல்லை.’

இதை யார் சொன்னது? பகலில் ஐஸ் கம்பெனி வேலை, மாலையில் மருத்துவப் பதிவு வகுப்பு என்று ஓடுபவள் அவள். காகிதம், கலப்பு, மின்பதிவு மூன்றையும் ஒப்பிடச் சொன்ன வகுப்புப் பயிற்சிக்கு அப்பாவின் பதிவுகளையே எடுத்திருந்தாள். பழைய காகிதத்தில் அந்தக் கட்டம் காலி. காகிதத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிய கலப்புப் பதிவில், வெளிறிய எழுத்தில் ‘இல்லை?’ என்று இருந்தது. இப்போதைய மின்பதிவில் அந்தக் கேள்விக்குறியும் உதிர்ந்துவிட்டது. தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்திருந்தாள்.

செவிலியர் முத்துச்செல்வி பெனிசிலின் ஊசித்தட்டோடு வந்தாள்.

“அக்கா, இந்த ‘இல்லை’ய யாரு போட்டா?”

“யாரு போடணும்? தானா நிரப்புற மென்பொருள் இருக்குல்ல, ‘நிரப்பி’, அது போட்டிருக்கும். மின்பதிவுல காலிக் கட்டம் நிக்காதும்மா. ‘தெரியாது’ங்கிற பதிலே அதுக்குக் கெடையாது.”

“அப்ப தோல்ல ஒரு துளி டெஸ்ட் போட்டுப் பாத்துருங்களேன்.”

“‘இல்லை’ன்னு இருந்தா டெஸ்ட் மருந்துப் பெட்டி தொறக்காது. ஒனக்கு ஏன் சந்தேகம்?”

சின்ன வயதில் பார்த்தது: ஏதோ ஊசிக்குப் பிறகு, கண் மூடும் அளவுக்கு வீங்கிய அப்பாவின் முகம். ஊசியாலா, கடலில் சொறிமீன் பட்டதாலா? செலினுக்கு உறுதியில்லை. அப்படியே சொன்னாள். திரையில் உடனே ஒரு வரி கூடியது: ‘உடனிருப்பவர்: அதீத சந்தேகம்.’

“பாத்தியா, ஒன்னையும் நிரப்பிருச்சு” என்று முத்துச்செல்வி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீ சொன்னா இனி எடுபடாது. முன்னாடி வீங்குச்சுன்னு அவரே வாயத் தொறந்து சொன்னாத்தான் பெட்டி தொறக்கும். சீக்கிரம்.”

செலின் குனிந்தாள். “அப்பா, முன்ன ஊசி போட்டு ஒங்க மூஞ்சி வீங்குச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

கஸ்பாரின் கை மெல்ல எழுந்து கன்னத்தைத் தடவியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். உடனே கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார்.

செலின் அவர் தோளில் கிடந்த துண்டை உருவித் திரைமேல் போட்டாள். “இப்பச் சொல்லுங்க.”

அவர் மிரண்டுபோனார்.

“ஏளா, அத மறைச்சுட்டா எனக்கு எப்படித் தெரியும்?”