ஐந்தில் நின்ற வளையம்

டிரிங்... டிரிங்...

இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் போன் அடிப்பதே பெரிய விஷயம்.

"கடைக்காரம்மாவா? இன்ஸ்பெக்டர் பேசறேன். அந்தக் கிளப் மீசைக்காரனை, அதான் மீசையை, உள்ளே தள்ளியாச்சு!"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒத்துக்கிட்டானா சார்?"

"எங்கே! 'நான் சுடலை, நான் சுடலை'ன்னு ஒரே பாட்டு. ஆனா ரைஃபிள் கிளப்புல உங்க வீட்டுக்காரரோட கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கான். 'உன்னைத் தீர்த்துடறேன்'னு நாலு பேர் எதிர்ல கத்தியிருக்கான். நாளைக்குக் கோர்ட்டு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன உறுத்தல்... நேர்ல வர்றேன்."

போன் அமைதியானது.

வீடும்தான்.

போன மாதம் ஒரு காலை. நல்ல வெயில்.

கீழே, துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்புகளை ரிப்பேர் செய்யும் கடை. மேலே வீடு. எதிரே பொட்டல் மைதானம். அதற்கும் அப்பால், பாதியில் நின்றுபோன ஒரு மாடிக் கட்டடம்.

"வாசல்ல போய் நில்லு! கூரியர் வருது. உனக்கு ஒரு சாமான்!"

பால்கனியிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கென்று அவன் வாங்கிய சாய்வு நாற்காலியில் அவன்தான் சாய்ந்திருப்பான். அவளுக்கென்று வாங்கிய குடை அவனோடுதான் ஊர் சுற்றும்.

"எனக்கா, உங்களுக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"உனக்குத்தான்! நகராம நில்லு!"

நின்றாள்.

டுமீல்!

மேலே ஏதோ சரிந்தது. அவள் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. வெயிலில் மழையா என்று தொட்டுப் பார்த்தாள்.

விரல் சிவப்பாக இருந்தது!

தொண்டையில் ஒரே குண்டு. கத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. அவனுக்கும் சேர்த்து அவள்தான் கத்தினாள்.

கூரியர் வரவேயில்லை.

அதன் பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காலையில் அவள் கை மட்டும் பழக்கத்தில் இரண்டு கோப்பைகளை எடுக்கும். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கும் 'டக்' சத்தம்தான் அந்த வீட்டில் அன்றைக்கு முதலில் கேட்கும் சத்தம்.

இரண்டாவது சத்தம், சுருட்டையின் குரல்.

"அண்ணீ... பால்!"

அவன் அவள் கணவனிடம் கிளப்பில் சுடக் கற்றுக்கொண்டவன். சுருட்டை முடி. பாங்கில் வேலை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் பால் பாக்கெட்டும் ரொட்டியும் வாங்கி வருவான். ஒரு மொக்கை ஜோக் சொல்வான். அவள் சிரிக்கும்வரை போக மாட்டான்.

மாதம் முழுவதும் அவளோடு பேசிய ஒரே ஜீவன்!

இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். கையில் நீளமான பிளாஸ்டிக் பை. உள்ளே ஸ்கோப்.

"அந்தக் கட்டடத்து மாடியில ரைஃபிளோட கிடந்தது. உங்க கடைச் சரக்குதானே?"

"ஆமா சார். எங்க ஷெல்ஃபுல இருந்தது. எப்போ களவு போச்சுன்னே தெரியலை."

"நானும் டிரெய்னிங்ல துப்பாக்கி பிடிச்சவன்தான்மா. ஆனா எங்களுக்கெல்லாம் குறி, மூச்சு, விரல்... அவ்வளவுதான். இந்த வளையத்தைப் பாருங்க. பெருசாக் காட்டறதுக்குத் திருப்பற வளையம். பத்து வரைக்கும் போகும். இது அஞ்சுல நிக்குது. அவ்வளவு தூரத்துல இருந்து சுடறவன் பாதியில ஏன் நிறுத்தணும்? அதான் உறுத்துது."

அவள் பையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

முகம் மாறியது.

"சார்... மீசை சுடலை."

"என்னம்மா சொல்றீங்க? நேத்து வரைக்கும் அவனைத் தூக்குல போடுங்கன்னீங்க!"

"உள்ளே சிலுவை மாதிரி கோடு இருக்கு. அதுல சின்னச் சின்னப் புள்ளிங்க. அந்தப் புள்ளிங்கதான் அளவுகோல். உயரம் தெரிஞ்ச ஒரு பொருளை... ஒரு கதவைன்னு வச்சுக்குங்க... அது எத்தனை புள்ளி உயரம் இருக்குன்னு பார்த்தா தூரம் தெரிஞ்சுடும். கிட்ட இருந்தா நிறைய புள்ளி. தள்ளி இருந்தா கொஞ்சம்."

"சரி."

"தூரம் தெரிஞ்சா, குண்டு எவ்வளவு கீழே இறங்கும்னு தெரியும். அத்தனை புள்ளி மேலே தூக்கிப் பிடிச்சு சுடணும்."

"அதுவும் சரி. வளையம்?"

"ஸ்கோப்புல ரெண்டு வகை சார். ஒண்ணுல வளையத்தைத் திருப்பினா, படத்தோட சேர்ந்து புள்ளிகளும் பெருசாகும். எந்த நம்பர்ல வேணும்னாலும் அளக்கலாம். இன்னொண்ணுல படம் மட்டும் மாறும், புள்ளி அப்படியே நிக்கும். அதுல பத்துல வச்சாத்தான் புள்ளி உண்மை பேசும். அஞ்சுல வச்சா ரெண்டு மடங்கு பொய்!"

"இது?"

"பொய் சொல்ற ஜாதி. இதுல மீசைக்கு இருபது வருஷப் பழக்கம். கண்ணை வைக்கறதுக்கு முன்னாடி கை தானா பத்துக்குத் திருப்பும். தூக்கத்துலகூட!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"அப்போ சுட்டவன் அஞ்சுல வச்சு அளந்தான். தூரம் ரெண்டு மடங்காத் தெரிஞ்சது. அதுக்கு ஏத்த மாதிரி தூக்கிப் பிடிச்சான். தூக்கினதும் அதே பொய்ப் புள்ளியில... அதுவும் ரெண்டு மடங்கு! ஏம்மா, அப்போ குண்டு குறி வச்ச இடத்துக்கு எவ்வளவு மேலே போயிருக்கும்?"

அவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். பென்சில் நடுவில் நின்றது.

"மூணு மீட்டருக்கு மேலே..."

"ஒரு மாடி உயரம்!"

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

பால்கனிக்கு நேர் கீழே, வாசற்படி.

"அன்னிக்கு அங்கே யார் நின்னது?"



"நான்..."

இன்ஸ்பெக்டர் பையை மேஜையில் வைத்தார்.

"உங்களைக் கொல்ல யாருக்கும்மா என்ன கோபம்?"

"இங்கே யாருக்கு சார் நான் இருக்கறது தெரியும், கோபப்படறதுக்கு?"

"புள்ளிகளும் சேர்ந்து பெருசாகுமே, அந்த இன்னொரு வகை... அதுல மட்டுமே பழகினவன் யார்? அவன்தான் வளையத்தை மறந்திருப்பான்."

அவள் கணக்குப் போட்ட காகிதத்தை மடித்தாள். பெயரைச் சொல்ல விருப்பமில்லை. அந்த வகை ஸ்கோப் விலை அதிகம். கணவன் ஒரே ஒருவனுக்குத்தான் முதல் நாளிலிருந்து அதைக் கொடுத்துப் பழக்கினான்.

வாசலில் சைக்கிள் மணி.

"அண்ணீ... பால்!"

இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் உள் அறைக்குள் நகர்ந்தார்.

சுருட்டை சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணி, இன்னிக்கு ஜோக் கேளுங்க. எங்க மேனேஜர் கண்ணாடியைக் கழட்டிட்டு கண்ணாடியைத் தேடறார்! ஏன்னா, போட்டிருந்தா தேட வேண்டியதே இல்லையே!"

அவள் சிரித்தாள். அழாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

"ஒரு உதவி பண்றியா? இந்த ஸ்கோப் தப்பா காட்டுதுன்னு ஒருத்தர் குடுத்துட்டுப் போனார். மைதானத்துல தெரியுதே, அந்த பம்ப் ரூம் கதவு ரெண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரம். தூரம் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லேன்."

மேஜையில் இருந்தது ஷெல்ஃபிலிருந்து எடுத்த இன்னொரு ஸ்கோப். அதே வகை. வளையத்தை ஐந்தில் வைத்திருந்தாள்.

திருப்பு... திருப்பிடு... என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அவன் கண்ணை வைத்தான். கை வளையத்தின் பக்கமே போகவில்லை!

"அஞ்சு புள்ளி... நானூத்தி இருபது மீட்டர் அண்ணி."

"நல்லாப் பாரு. அவ்வளவு தூரமா தெரியுது?"

"அண்ணன் என்ன சொல்லிக் குடுத்தார்? 'கண்ணை நம்பாதே. எவன் சொல்ற தூரத்தையும் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே. புள்ளியை மட்டும் நம்பு.' நானூத்தி இருபதுதான்!"

"இருநூத்திப் பத்து," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வாரா வாரம் அந்த மைதானத்துல என் ஆளுங்களை ஓட விடறேன் தம்பி. எனக்குத் தெரியாதா?"

சுருட்டை திரும்பினான். பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது.

ஓடுவான் என்று இன்ஸ்பெக்டர் கதவை மறித்தார். அவன் ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணனைக் கொல்லணும்னு நினைக்கலை அண்ணி... சத்தியமா!"

"தெரியும். என்னைத்தானே?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்புறம் ஏன்டா தினமும் பால் வாங்கிட்டு வந்தே?"

"முதல் நாள்... இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்னுதான் வந்தேன். நீங்க ரெண்டு கோப்பையை எடுத்தீங்க. ஒண்ணைத் திரும்ப வச்சீங்க. அப்புறம் எனக்குக் கை வரலை."

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"இந்தம்மா உனக்கு என்னடா செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யலை சார்."

"அப்போ யார் சொல்லி சுட்டே?"

சுருட்டை சிந்திய பாலையே பார்த்தான்.

"ரைஃபிளும் ஸ்கோப்பும் யார் குடுத்தாங்க? அதையாவது சொல்லு!"

"அண்ணன்தான் சார்!"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அவருக்கு வேற ஒரு வாழ்க்கை இருந்தது அண்ணி... வேற ஊர்ல. இந்த வீடும் கடையும் உங்க பேர்ல இருக்கே, விக்க விட மாட்டீங்கன்னார். கடையை வித்தா பாதிப் பணம் எனக்குன்னார். 'அவளை வாசல்ல நிறுத்தறது என் பொறுப்பு. நான் மேலே பால்கனியில நிக்கறேன், தெருவுல நாலு பேர் என்னைப் பார்க்கட்டும், என் மேல சந்தேகம் வராது'ன்னார். தூரம் முந்நூத்தி அம்பதுன்னும் சொன்னார். ஆனா புள்ளி எழுநூறுன்னுச்சு... அவர் பேச்சை நம்பாதேன்னு அவர்தானே சொல்லியிருக்கார்! புள்ளியை நம்பினேன்."

ஜீப் வந்தது. சுருட்டை ஏறினான். ஏறும்போது, "நாளைக்குப் பாலுக்கு யாரையாவது சொல்லி வச்சுக்குங்க அண்ணி," என்றான்.

ஜீப் போனது.

அவள் துணியை எடுத்து வந்து, சிந்திய பாலைத் துடைத்தாள். பிறகு அலமாரிக்குப் போய் ஒரு கோப்பையை எடுத்தாள்.

ஒன்றுதான்.

பின்தங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. அன்னிக்குக் கூரியர்னு உங்களை ஏமாத்தி..."

"ஏமாத்தலை சார்," என்றாள் அவள், வாசலுக்கு வந்து பால்கனியை நிமிர்ந்து பார்த்தபடி.

"எனக்குன்னு ஒரு சாமான் வருதுன்னார். வந்துச்சு. எப்பவும் போல அதையும் அவரே வச்சுக்கிட்டார்!"