அம்மா தோளில் என் கை

செத்துப்போன தங்கையின் வீட்டைப் பெரிய டீச்சர் திறந்தபோது மணி பதினொன்று. நல்ல வெயில். ஒட்டிக்கொண்டிருந்த கதவு ஓர் உதை வாங்கியதும் திறந்தது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் புழுக்க நாற்றம்தான் வரவேண்டும். வந்தது பினாயிலும் பவுடரும் கலந்த வாசனை. நோயாளி படுத்திருக்கும் அறையின் வாசனை.

"சீ, தரித்திரம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பெரிய டீச்சர் என்றால் சாமானியமில்லை. இருபது வருஷம் தலைமையாசிரியை. உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் பெயிலானவர்கள் என்ற எண்ணம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. தையல்காரியாகக் காலந்தள்ளிய தங்கையை 'ஊசிநூல்' என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை ஒரு மண்ணாந்தை. மகள் மட்டும் பரவாயில்லை. இப்போது அவள் தயவு வேண்டியிருந்ததே!

குடியிருந்த வீட்டைக் காலி செய்தாயிற்று. இனிப் போக்கிடம் மகள் வீடுதான். மகளோ, "பார்க்கலாம்மா, நாலு மணிக்குச் சித்தி வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று இழுத்திருந்தாள். அவளை மடக்கத்தான் கையோடு கொண்டுவந்திருந்த இந்த ஆல்பம். தடித்த தாள்களில் தன் வாழ்க்கையைப் படமும் குறிப்புமாக ஒட்டி, மேலே 'என் குடும்பத்துக்கு' என்று எழுதியிருந்தார். முப்பது பக்கமும் பரிசு, மேடை, மைக் என்று ஒரே பீற்றல். பாக்கி ஓர் அத்தியாயம்: 'அம்மாவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட பதினோரு வருஷம்.' இதைப் படித்துவிட்டு எந்த மகளுக்குத் தாயைக் கைவிட மனசு வரும்?

அந்தப் பதினோரு வருஷமும் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு மலஜலம் அள்ளியது ஊசிநூல். டீச்சர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெட்கமாவது ஒன்றாவது!

அலமாரியில் பத்துப் படங்கள் கிடைத்தன. அம்மா படுக்கையில், அம்மா ஜன்னலோரம், அம்மா சக்கர நாற்காலியில். எல்லாவற்றிலும் பக்கத்தில் தங்கை. டீச்சர் சாவகாசமாக உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலிருந்தும் அவளைக் கத்தரியால் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். கடைசிப் படம் மட்டும் தகராறு செய்தது. தங்கையின் கை அம்மாவின் தோள்மேல் கிடந்தது. அதை வெட்டினால் அம்மாவின் கழுத்தும் சேர்ந்து போய்விடும்.

டீச்சருக்கு மூளைக்கா பஞ்சம்? கையை மட்டும் விட்டுவைத்து, மற்றப் படங்களோடு அதையும் ஆல்பத்தில் ஒட்டி, கீழே சிவப்பு மையில் எழுதினார்: 'அம்மா தோளில் என் கை.'

மெஷின் ஊசி ஏறி, நகம் இரண்டாகப் பிளந்த ஆள்காட்டி விரல் அது. லட்சம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது தெரியவில்லை பாருங்கள்!

உள்ளறையில் கட்டில் முனகியது.

"யாரது?"

எலியாக இருக்கும் என்று பக்கத்தைப் பின்னால் புரட்டினார். அவருடைய பணி ஓய்வு விழாப் படம். மேடையில் தனியாக நிற்கிறார். தோள்மேல் ஒரு கை.

நகம் பிளந்த கை.

அதற்கு முந்தைய பக்கம். விருது வாங்குகிறார். தோளில் கை.

அதற்கும் முந்தைய பக்கம்.

கை.

டீச்சர் அந்தக் கையை நகத்தால் சுரண்டினார். தாள் கிழிந்ததே தவிர, கை போகவில்லை. பினாயில் வாசனை இப்போது காதோரத்தில் வந்தது, யாரோ குனிந்து நிற்பதைப் போல. குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார்.

காலி.

"அம்மா!" வாசலில் மகள். நாலு மணி ஆகியிருந்தது. "இதானா அந்த ஆல்பம்? குடுங்க, பார்க்கறேன்."

"வேணாம்டி, இன்னும் முடியல..."

மகள் வாங்கிவிட்டாள். கடைசி அத்தியாயத்தைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பத்துப் படத்திலும் தங்கை தன் இடத்தில் இருந்தாள். கத்தரி பட்ட ஓரமெல்லாம் வெள்ளை நூலில் பொடித் தையல். சிவப்பு மையைக் காணோம்; ஒவ்வொரு படத்துக்கும் கீழே தங்கையின் குண்டுக் கையெழுத்து. படத்துக்குப் படம் தேதி வேறு, எழுதியிருந்தது ஒன்றுதான்.

'அக்கா வரல. அம்மா வாசலையே பாத்துட்டிருந்தாங்க.'

"சித்தி சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட இதையேதான் சொன்னாங்க," என்றாள் மகள் மெதுவாக. "எங்கம்மா அப்படி இல்லன்னு நான் சண்டைக்குப் போனேன்."

"பொய்டி! அந்த ஊசிநூல் பேச்சை..."

"போதும்மா." ஆல்பத்தை மூடி மேஜைமேல் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நீங்க பாட்டியைப் பார்த்துக்கிட்ட மாதிரியே நானும் உங்களைப் பார்த்துக்கறேன். அடுத்த வருஷம் வர்றேன்."

கார் கிளம்பியது. டீச்சர் பதறியடித்து எழப் பார்த்தார்.

கால் வரவில்லை.

கிள்ளிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. மகளைக் கூப்பிட்டுக் கத்தினார்; கார் சத்தம் தெருமுனையில் தேய்ந்துவிட்டது. உள்ளறையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கதவு தானாகத் திறந்தது.

கட்டிலில் சுருக்கமில்லாமல் வெள்ளை விரிப்பு. அதன்மேல் ஒரு புது அங்கி. எழுந்திருக்க முடியாதவர்களுக்கென்று முதுகுப்பக்கம் திறந்து, நாடா வைத்துத் தைத்தது. அளவு அம்மாவுடையதல்ல. டீச்சருடையது.

கடைசி நூல் இன்னும் அறுபடவில்லை. அதன் நுனியில் ஊசி ஆடிக்கொண்டிருந்தது.