மூன்றாவது குப்பி

"நார்மா, எனக்கு வேலை போகப்போகுது. லைசென்ஸும் சேர்ந்து போகும்."

பனி ஒட்டிய பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நர்ஸ் ராக்ஸன் நாற்காலியில் சரிந்தாள். நார்மா ஹாகன் பல வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவ பில்களைச் சரிபார்த்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். முன்னாள் போலீஸ்காரன் டுவேன் அவளுடைய கூட்டாளி.

"அழாம சொல்லு. என்ன ஆச்சு?"

"மனச்சோர்வுக்கு மூக்குல அடிக்கிற மருந்து. வீட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டோம். எங்க கண் முன்னாடிதான் போட்டுக்கணும், ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே இருந்து பாப்போம். நேத்து லவோன்னு ஒரு நோயாளிக்கு ரெண்டு குப்பிதான் குடுத்தேன். பில்லுல பெரிய அளவுக்கான குறியீடு ஏறியிருக்கு. அதுன்னா மூணு குப்பி. குப்பைத் தொட்டியிலயும் மூணு காலிக் குப்பி கிடக்குது!"

"குறியீட்டைப் போட்டது யாரு?"

"எங்க கிளினிக் டாக்டர் பிரெக்கி. 'மூணு காலியா கிடந்துச்சு, அதான் அப்படிப் போட்டேன், ஒண்ணை நீதான் எடுத்திருக்கே'ன்னு என்னைச் சொல்றார். அலமாரிச் சாவி அவர்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு."

டுவேன் நார்மாவின் காதருகே குனிந்தான். "சாவி இவங்ககிட்டயும் இருக்கே மேடம். வித்திருந்தா?"

"வித்தவ காலிக் குப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவாளா? கோட்டு மாட்டுப்பா, கிளினிக்குக்குப் போவோம்."

முந்தின நாள் மாலையில் தொடங்கிய பனி விடியும்போதுதான் ஓய்ந்திருந்தது. கிளினிக் வாசலில் பனி வழிக்கும் வண்டிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "வெள்ளைக் குன்னு மாதிரி நிக்குதே, யாருதுய்யா இந்தக் காரு? எடுத்தாத்தான் வழிக்க முடியும்!"

டாக்டர் ஆல்டன் பிரெக்கி ஓடிவந்து தன் காரின் கூரையிலிருந்த பனியைத் தள்ளினார். சாவியைத் திருகியதும் கார் கிளம்பியது. அது நின்றிருந்த இடத்தில் தரை கறுப்பாக, காய்ந்து கிடந்தது.

"இந்தக் குளிர்லயும் ஒரே திருகுல கிளம்புது. பேட்டரின்னா இது!" என்றான் டுவேன்.

நார்மா குனிந்து அந்தக் காய்ந்த தரையைப் பார்த்தாள். டாக்டரின் அறைக்குள் எல்லோரும் வந்தபின் கேட்டாள்: "நேத்து நீங்க எப்ப கிளம்பினீங்க டாக்டர்?"

"எல்லாரும் போனப்புறம் பூட்டிட்டு, காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போனேன்."

"கார் போகலையே. பனி விழறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே இருந்திருக்கு. அடியில தரை காய்ஞ்சிருக்கு, மேல ராத்திரி பூரா விழுந்த பனி. ரிப்பேரும் இல்ல, இப்பதான் பாத்தோம். உங்களை யார் கூட்டிட்டுப் போனாங்க?"

டாக்டர் ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். "...என் பொண்டாட்டி."

"நல்ல காரை விட்டுட்டு ஏன் போனீங்க? ஒரே காரணம்தான் இருக்கு. இந்த மருந்தைப் போட்டவங்க ராத்திரி தூங்கி எழுந்திரிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. தினமும் எல்லாருக்கும் சொல்றீங்க. மூணாவது குப்பியை நீங்களே போட்டுக்கிட்டீங்க. திருடும்போதும் அந்த விதியை மட்டும் உங்களால மீற முடியல. காலிக் குப்பிக்குக் கணக்கு வேணுமேன்னு லவோன் பேர்ல பெரிய குறியீட்டைப் போட்டீங்க."

டாக்டர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். காதுகள் சிவந்திருந்தன.

"மாசக்கணக்கா எனக்கும் மனச்சோர்வு. தினமும் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே போராட வேண்டியிருக்கு. இன்னொரு டாக்டர்கிட்ட போய் நோயாளியா உக்கார வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு இதே அறையில எத்தனை பேருக்குச் சொன்னீங்க!" ராக்ஸனின் குரல் உடைந்தது. "என் மேல பழி போட மட்டும் வெக்கமா இல்லையா?"

"உன் பேர்ல ஒரு தப்பும் இல்லன்னு இப்பவே எழுதித் தரேன். என்னைப் பத்தி மருத்துவ கவுன்சிலுக்கும் நானே சொல்லிடறேன்."

"அது அப்புறம்," என்றாள் ராக்ஸன். " முதல்ல லவோனைக் கூப்பிடுங்க. ரெண்டுதான் போட்டுக்கிட்டேன்னு காலையில அவங்க சொன்னப்ப, மருந்து ஞாபகத்தைக் குழப்பும்னு சொல்லியிருக்கீங்க. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு என்கிட்ட போன்ல அழுதாங்க."

டுவேன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் போனை எடுத்தார். எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"லவோன்... உங்க ஞாபகம் சரிதாம்மா. பொய் சொன்னது நான்."